வீராம்பட்டினத்து மணியும் ஃபெம்டோ விநாடி ஒளியும்

வீராம்பட்டினத்துக்காரர்களுக்கு அரிக்கமேடு வரலாற்றுப் பாடமாக ஆவதற்கு முன்பே மணி கிடைக்கும் இடம். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயன்தோப்பை ஒட்டிய அந்த மேட்டில், ஐப்பசி கார்த்திகை மழை மண்ணை அரித்துவிட்டுப் போனதும் சிவப்பு, கருநீலம், பச்சை, மஞ்சள் எனக் கடுகளவுக் கண்ணாடி மணிகள் தலைகாட்டும். 1930-களில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், இங்கே சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் காசு கொடுத்து வாங்கினார். 1945-இல் மார்டிமர் வீலர் வந்து தோண்டினார். அடுத்து ழான் மரி கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோமானிய மதுச் சாடிகளும் இத்தாலிய அரெட்டைன் பாண்டங்களும் வெளியே வந்தன. பீட்டர் பிரான்சிஸ் போன்ற மணி ஆய்வாளர்கள், இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளுக்கும் பரவிய சிறு கண்ணாடி மணிகளைச் செய்த பெரிய பட்டறைகளில் ஒன்று இங்கே இருந்தது என்று காட்டினார்கள். இன்று அது பாதுகாக்கப்பட்ட இடம். மணி பொறுக்கக் கூடாது.

வீலர் காலத்தில் ஒரு மணியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதை உடைக்க வேண்டும், அல்லது பொடித்து அமிலத்தில் கரைக்க வேண்டும். தெரிந்துகொண்டபோது மணி இருக்காது. இன்று அந்த நிலை இல்லை. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் லோர் துசுபியூ என்ற ஆய்வாளர் தென்னிந்திய, இலங்கைக் கண்ணாடி மணிகளின் மேல் லேசரைச் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத அளவு கண்ணாடியை மட்டும் ஆவியாக்குகிறார். அந்த ஆவி கொதிக்கும் பிளாஸ்மாவுக்குள், அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்த மிகச் சூடான வாயுவுக்குள் போகிறது. எந்தத் தனிமம் எவ்வளவு என்ற பட்டியல் வெளியே வருகிறது. மணி முழுதாகவே இருக்கிறது. ஆக, லேசரும் பிளாஸ்மாவும் நம் ஊர் மணிகளின் உறவினர்களை ஏற்கெனவே தொட்டுவிட்டன.

இந்தக் கட்டுரை அதற்கு அடுத்த படியைப் பற்றியது. லேசரும் பிளாஸ்மாவும் சேர்ந்து எக்ஸ்ரேயையே உண்டாக்குவது. பொருளை உடைக்காமல் உள்ளே பார்க்க மனிதன் கண்டுபிடித்த வழிகளில் எக்ஸ்ரேயை விஞ்சியது எதுவும் இல்லை என்பது என் துணிபு. அந்தக் கதிரைப் பிறப்பிக்கும் முறை ஒரு நூற்றாண்டு அடிப்படையில் மாறாமல் இருந்தது. இப்போது மாறுகிறது. அந்த மாற்றத்தில் மும்பையும் ஹைதராபாத்தும் முன்வரிசையில் நிற்கின்றன.

முதலில் அன்றைய கதை. 1895 நவம்பர் 8, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க். வில்ஹெல்ம் ராண்ட்ஜன் காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடிக் குழாயில் உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளியிருந்த ஒரு திரை ஒளிர்ந்தது. அடுத்த மாதம் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே படம் எடுத்தார். அந்தப் படத்துக்குக் கை ஏறத்தாழ கால் மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. 1901-இல் இயற்பியலின் முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். செய்தி இந்தியாவுக்கு வரத் தாமதம் ஆகவில்லை. கொல்கத்தாவில் ஜெகதீச சந்திர போஸ் தாமே எக்ஸ்ரே கருவி செய்து பார்த்தார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்ட் கதிரியல் நிலையம் தனிக் கட்டடத்தோடு திறக்கப்பட்டது. தென்னிந்தியாவில் பல தலைமுறைக் கதிரியல் மருத்துவர்களை உருவாக்கிய இடம் அது.

சென்னையிலேயே இன்னொரு பெரிய வேலையும் நடந்தது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் அமைப்பைத் தேடினார். கங்காருவின் வால் தசைநாண் இழையில் எக்ஸ்ரேயைச் செலுத்தி, சிதறிய கதிர் பிலிமில் விட்ட புள்ளிகளைக் கணக்கிட்டு, மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் என்று 1954-இல் சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஒரு படம் பதிய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குழாயிலிருந்து வரும் எக்ஸ்ரே அவ்வளவு மெலிது.

ராமச்சந்திரன் அதோடு நிற்கவில்லை. பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து ஒரு பொருளின் உள்வடிவத்தை எப்படித் திரும்பக் கட்டுவது என்ற கணக்கை ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971-இல் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் லண்டனில் முதல் நோயாளிக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. உலகத்துச் சி.டி. பொறியாளர்கள் இன்றும் அந்தக் கணக்கின் வடிப்பானை 'ராம்-லாக்' என்றே அழைக்கிறார்கள். ராம் என்றால் ராமச்சந்திரன், லாக் என்றால் லட்சுமிநாராயணன். ஸ்கேன் அறையில் படுத்து எழுந்து வரும் நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கணக்கு நம்மவர்களுடையது, கருவி மட்டும் கப்பலில் வந்தது. இந்த வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால்தான் கதிரைப் பிறப்பிக்கும் வேலையிலேயே இந்திய ஆய்வுக்கூடங்கள் புதுவழி காண்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

வீராம்பட்டினத்தில் எக்ஸ்ரே என்றால் நெடுங்காலம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போவது. படகில் வழுக்கி விழுந்து கை முறிந்தவர் கறுப்பு பிலிமை உறையில் போட்டுக்கொண்டு வருவார். வீட்டில் உள்ளவர்கள் அதை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து விரிசலைத் தேடுவார்கள். இப்போது படம் கணினித் திரைக்கு உடனே வந்துவிடுகிறது. கைப்பேசியிலும் வந்துவிடுகிறது. பிலிம் போய்விட்டது, இருட்டறை போய்விட்டது. ஆனால் கதிர் எங்கே பிறக்கிறதோ அந்த இடம் மட்டும் மாறவில்லை. ராண்ட்ஜன் காலத்தைப் போலவே இன்றும் வெற்றிடக் குழாய். ஒரு முனையில் சூடான கம்பி எலக்ட்ரான்களை உமிழும். ஒரு லட்சம் வோல்ட் அவற்றை விரட்டும். அவை எதிரே உள்ள டங்ஸ்டன் தகட்டில் மோதித் திடீரென்று வேகம் இழக்கும். இழந்த ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் எக்ஸ்ரே ஆகும். மீதி 99 பங்கும் வெப்பம். தகடு உருகாமல் இருக்க அதைச் சுழற்ற வேண்டியிருக்கிறது.

இந்தக் குழாய் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் மேல் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனாலும் அதனால் முடியாதவை உண்டு.

சோழர் வெண்கலச் சிலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பொத்தல் இல்லாமல் கெட்டியாக வார்த்தவை அவை. உள்ளே விரிசல் இருக்கிறதா, பிற்காலத்தில் ஒட்டவைத்த கை உண்டா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனை எக்ஸ்ரேயின் அளவான 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் 5 சென்டிமீட்டர் செம்பைக் கடந்தால், நூறு கோடியில் ஒரு பங்கு மறுபக்கம் வந்தாலே அதிகம். பத்து மடங்கு ஆற்றல் கூட்டி 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆக்கினால் நூற்றுக்கு ஏழு பங்கு கடந்து வரும். பார்க்க முடிவதற்கும் முடியாததற்கும் இடையே உள்ள தூரம் இதுதான். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் அறிஞர்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்துச் சிலைகளைச் சேதப்படுத்தாத சோதனை முறைகளால் ஆய்ந்து, ஒவ்வொரு சிலைக்கும் அடையாளப் பதிவு உருவாக்க முயன்றிருக்கிறார்கள். சிலைத் திருட்டு மலிந்த நாட்டில் அது எவ்வளவு அவசியமான வேலை! உயர் ஆற்றல் எக்ஸ்ரே கைக்கெட்டும் விலையில், அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோகும் அளவில் இருந்தால் அந்த வேலை பல மடங்கு விரிந்திருக்கும்.

மணிக்கு வேறொரு சிக்கல். அரிக்கமேட்டு மணி உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, பின் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தது. இழுத்த திசையிலேயே உள்ளிருக்கும் நுண்குமிழ்களும் நீண்டிருக்கும். அந்தக் குமிழ்கள்தான் கைவினைஞரின் கையெழுத்து. மருத்துவக் குழாயில் எக்ஸ்ரே பிறக்கும் இடம் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை அகலம். மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அகன்ற இடத்திலிருந்து வரும் கதிரின் நிழல் ஓரம் மங்கும், குமிழ் தெரியாது. நிழல் கூர்மையாக விழ, கதிர் ஒரு புள்ளியிலிருந்து பிறக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் நேரம். நேரம் என்றதும் புதுச்சேரியின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768-இல் இங்கு வந்து தங்கிய பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்டி, தமிழ்க் கணிதர் ஒருவர் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் நாள் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அந்தத் தமிழ்க் கணிப்பு 41 விநாடி மட்டுமே குறைந்தது. ஐரோப்பாவின் மேயர் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. (வீராம்பட்டினத்து ஆற்றங்கரையில் ஊரார் பழங்காலப் பெருஞ்செங்கற்களைப் பெயர்த்து எடுப்பதை எழுதி வைத்தவரும் இதே லெ ஜான்டிதான். அது வீரராகவன் என்ற ராஜாவின் கோட்டை என்று ஊரார் அவரிடம் சொன்னார்களாம்.) அன்று ஒரு விநாடியைப் பிடிப்பதே பெரிய சாதனை. எக்ஸ்ரே குழாய் இன்று ஆயிரத்தில் சில பங்கு விநாடியில் படம் எடுக்கிறது. துடிக்கும் இதயத்துக்கு அது போதும், ஓர் உலோகத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கும் அணுவுக்குப் போதவே போதாது. அணு ஒருமுறை ஆடி முடிப்பது விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில்.

உயர் ஆற்றல், புள்ளி அளவான பிறப்பிடம், மிகக் குறுகிய நேரம். இந்த மூன்றையும் பெற உலகம் முதலில் தேர்ந்தெடுத்த வழி, கருவியைப் பெரிதாக்குவது. இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் உள்ள இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு 172.5 மீட்டர். பிரான்சின் கிரனோபிள் நகரில் 844 மீட்டர். ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே பூமிக்கடியில் ஓடும் ஐரோப்பிய எக்ஸ்ரே லேசர் 3.4 கிலோமீட்டர் நீளம். அருமையான கருவிகள்தான். ஆனால் ஆய்வாளர் விண்ணப்பம் போட்டு, முறை வரும்வரை காத்திருந்து, தன் பொருளைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டும். பழம்பொருளை அப்படி ஊர் ஊராகக் கொண்டுபோக எந்தக் காப்பாளரும் எளிதில் ஒப்புவதில்லை.

மாற்று வழி ஒளியிலிருந்து வந்தது. 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன் துடிப்பைச் சுருக்கச் சுருக்க ஒரு தடை குறுக்கிட்டது. வலிமை கூடினால் லேசர் தன் பளிங்கையே உடைத்துவிடும். 1985-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவும் அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த டோனா ஸ்ட்ரிக்லாண்டும் அதைக் கடந்தார்கள். குறுந்துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டு, நீண்டு மெலிந்த நிலையில் பெருக்கு, கடைசியில் மறுபடி சுருக்கு. பளிங்கு பிழைத்தது, வலிமை பல்லாயிரம் மடங்கு உயர்ந்தது. 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசின் பாதி கிடைத்தது.

இந்த வகை லேசரின் ஒரு துடிப்பு 30 ஃபெம்டோ விநாடி நீடிக்கும். ஒரு விநாடிக்குள் நூறு கோடியைப் பத்து லட்சத்தால் பெருக்கிய அத்தனை ஃபெம்டோ விநாடிகள் உண்டு. விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, 30 ஃபெம்டோ விநாடியில் 9 மைக்ரான்தான் நகரும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவு. அந்த நேரத்துக்குள் வெறும் 3 ஜூல் ஆற்றலை அடைத்தால் அதன் வலிமை 100 டெராவாட். இந்தியாவின் எல்லா மின்நிலையங்களும் சேர்ந்தாலே சுமார் அரை டெராவாட்தான். ஆற்றல் என்னவோ துளி, அது வந்து விழும் நேரம் அதைவிடத் துளி. அதை வில்லையால் சில மைக்ரான் புள்ளிக்குக் குவித்தால் எதிரே எது இருந்தாலும் அது திடப்பொருளாகவோ திரவமாகவோ நீடிக்காது. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வெளியேறும், பொருள் பிளாஸ்மா ஆகும்.

அந்தப் பிளாஸ்மாவுக்குள் என்ன நடக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. கட்டுமரக் காலம் போய் எஞ்சின் வைத்த ஃபைபர் படகுகள் வந்தபின், வேகமாகப் போகும் படகு தன் பின்னால் எழுப்பும் அலையைத் தினமும் பார்க்கிறோம். அந்த அலையின் சரிவில் மாட்டிய மரக்கட்டை படகின் வேகத்துக்கே இழுபட்டுப் போகும். மெல்லிய வாயுவுக்குள் லேசர் துடிப்பு பாயும்போது அது எலக்ட்ரான்களை விலக்கிவிட்டு, தன் பின்னால் இப்படி ஒரு மின்புல அலையை விட்டுச் செல்கிறது. அதில் மாட்டிய எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. இதை 1979-இலேயே தோஷிகி தாஜிமாவும் ஜான் டாசனும் தாளில் கணக்கிட்டுவிட்டார்கள். டாசனோடு 1970-இல் வலிமையான லேசர் பிளாஸ்மாவில் எப்படிப் பாயும் என்று எழுதியவர் பிரதிமன் கிருஷ்ண காவ். பிற்காலத்தில் காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர் அவர். கோட்பாட்டில் இந்தியக் கை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது.

வழக்கமான முடுக்கிகள் ஒரு மீட்டரில் எலக்ட்ரானுக்குச் சில கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் ஏற்றும். பிளாஸ்மா அலை அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் ஏற்றவல்லது. 2004-இல் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுக் குழுக்கள் சில மில்லிமீட்டர் தூரத்திலேயே 10 கோடி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் கற்றையை எடுத்துக் காட்டின. அதே ஆண்டு, அலைக்குள் முன்னோடும் எலக்ட்ரான்கள் பக்கவாட்டில் ஆடும்போதே எக்ஸ்ரே கற்றை பிறக்கிறது என்பதைப் பிரெஞ்சுக் குழு ஒன்று அளந்தது. மோதித் தகர்க்க உலோகத் தகடுகூட வேண்டாம். 2015-இல் பிரிட்டனில் இந்த வகைக் கதிரால் மனித எலும்பின் உள்வலைப்பின்னலை முப்பரிமாணத்தில் படம் எடுத்தார்கள். கதிர் பிறந்த இடம் சில மைக்ரான்.

இனி நான் சொல்ல விரும்பிய இடத்துக்கு வருகிறேன். மும்பை கொலாபாவில், கடலை ஒட்டி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அங்கே ஜி. ரவீந்திர குமார் தொடங்கி வளர்த்த ஆய்வுக்கூடத்தில் 100 டெராவாட் வகுப்பு லேசர் இருக்கிறது. 2015-இல் இயற்பியல் அறிவியல்கள் பிரிவில் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றவர் அவர். ஆனால் என்னைக் கவர்ந்தது அந்தக் கூடத்தின் பெரிய லேசர் அல்ல, சிறிய லேசரை வைத்துக்கொண்டு அவர்கள் கேட்ட கேள்வி. லேசரைப் பெரிதாக்காமல், அது விழும் பரப்பை மாற்றினால் எக்ஸ்ரே கூடாதா?

வழவழப்பான செம்பு, வந்த லேசர் ஒளியில் பெரும்பகுதியைக் கண்ணாடியாகத் திருப்பி அனுப்பிவிடும். அதன் மேல் நானோ அளவுச் செம்புத் துகள்களைப் பூசினார்கள். துகளின் ஓரங்களில் மின்புலம் குவிந்தது. ஒளி உள்ளே உறிஞ்சப்பட்டது. ஆற்றல் மிக்க எக்ஸ்ரே பல மடங்கு கூடியது. 2003-இல் வெளிவந்த ஆய்வு அது. அதே நிறுவனத்தின் எம். கிருஷ்ணமூர்த்தி குழுவினர் இன்னும் துணிந்தார்கள். ஆய்வகத்தில் துகளைச் செய்வானேன், இயற்கையே மைக்ரான் அளவில் செய்து வைத்திருக்கிறதே என்று ஈ. கோலை பாக்டீரியாவைக் கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியவிட்டார்கள். லேசர் விழுந்தது. வெறும் கண்ணாடியோடு ஒப்பிட எக்ஸ்ரே பல மடங்கு பிரகாசமாக வந்தது. 2012-இல் அதை வெளியிட்டார்கள். வயிற்றுக்கோளாறுக்குப் பேர்போன கிருமி எக்ஸ்ரே விளக்குக்குத் திரியானது என்றால், அந்தக் கூடத்தின் கற்பனை வளத்தைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

அடுத்த கட்டம் ஹைதராபாத். கோபன்பள்ளியில் உள்ள டாடா நிறுவனத்தின் புதிய வளாகத்தில், கிருஷ்ணமூர்த்தியும் இளம் ஆய்வாளர்கள் பலரும் திடத் தகட்டையே கைவிட்டார்கள். தகட்டில் ஒரு தொல்லை. ஒவ்வொரு துடிப்பும் ஒரு குழியைப் பறித்துவிடும், அடுத்த துடிப்புக்கு முன் தகட்டை நகர்த்த வேண்டும். அதற்குப் பதில் மெத்தனால் திரவத்தை 15 மைக்ரான் துளிகளாக வரிசையாக வெற்றிடத்தில் ஓடவிட்டார்கள். ஒரு துளி அழிந்தால் அடுத்த துளி தயார். விநாடிக்கு ஆயிரம் துடிப்பு, ஒவ்வொன்றிலும் 2 மில்லிஜூல்தான் ஆற்றல். கூட்டிப் பார்த்தால் சராசரி 2 வாட். வீட்டு எல்.இ.டி. பல்பு இதைவிட அதிகம் எடுக்கும்.

அவ்வளவு சிறிய லேசரால் பெரிய ஆற்றல் எப்படி வரும்? இரகசியம் துளியின் வடிவத்தில் இருக்கிறது. முதன்மைத் துடிப்புக்குச் சற்று முன்னால் ஒரு மெலிந்த துடிப்பை அனுப்புகிறார்கள். அது உருண்டைத் துளியை ஒரு பக்கம் குழித்துவிடுகிறது. பின்னால் வரும் முதன்மைத் துடிப்பு அந்தக் குழிவுக்குள் நுழைந்து சிக்குகிறது. அங்கே எழும் பிளாஸ்மா அலைகள் எலக்ட்ரான்களை 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கும் அதற்கு மேலும் தூக்கிவிடுகின்றன. இந்த அளவுக்கு வழக்கமாகத் தேவைப்படும் லேசர் செறிவில் நூற்றில் ஒரு பங்கே இங்கே போதுமாயிற்று. 2024-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. மேலே வெண்கலச் சிலைக்குத் தேவை என்று சொன்ன ஆற்றல் நினைவிருக்கிறதா? இதே 10 லட்சம்தான். இந்த எலக்ட்ரான்கள் பொருளில் மோதும்போது பிறக்கும் எக்ஸ்ரேயும் அதே வரிசையில் ஆற்றல் பெறும். பிறப்பிடம் மைக்ரான் அளவில் இருக்கும்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் பார்க்கிறேன். மற்ற நாடுகள் பெட்டாவாட் லேசர்களுக்கு மாளிகை கட்டின. அதற்கும் தேவை உண்டு. இந்தியாவிலும் இந்தூரில் 150 டெராவாட் லேசரால் எலக்ட்ரான்களை முடுக்கி ஆய்வு செய்கிறார்கள். ஆனால் ஒரு துளியின் வடிவத்தைத் திருத்தி நூறு மடங்கு சிக்கனம் கண்ட அந்த வழி, பணம் குறைந்த பல்கலைக்கழகத்துக்கும் மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் ஒருநாள் எட்டக்கூடிய வழி.

மிகைப்படுத்தவும் கூடாது. நாளைக்கே மருத்துவமனைக் குழாய்கள் குப்பைக்குப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கைமுறிவுக்கும் நெஞ்சுச்சளிக்கும் பழைய குழாயே மலிவு, உறுதி. லேசர் முறையில் ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் வலிமை சற்று மாறுகிறது. கதிரின் மொத்த அளவு இன்னும் குறைவு. வெற்றிட அறையும், தூசி படாத ஒளியியல் மேசையும், ஈயக் காப்புச் சுவரும், தேர்ந்த ஆட்களும் வேண்டும். எக்ஸ்ரே எந்த வழியில் பிறந்தாலும் உடம்புக்கு அதே ஆபத்து உண்டு, லேசரின் பெயரைச் சொல்லிக் காப்பைக் குறைக்க முடியாது. ஹைதராபாத்தில் இப்போது இருப்பது ஆய்வுக்கூடச் சாதனை. விற்பனைப் பெட்டியாக இன்னும் ஆகவில்லை.

குறுநேரத்தின் பயன் மட்டும் வேறெந்த எளிய கருவிக்கும் வாய்க்காதது. லேசர் துடிப்பு ஃபெம்டோ கணக்கில் என்பதால் அதனால் பிறக்கும் எக்ஸ்ரேயும் ஏறத்தாழ அந்தக் கணக்கிலேயே இருக்கும். ஒரே லேசரை இரண்டாகப் பிரித்து, ஒன்றால் பொருளைச் சூடாக்கி, மற்றதால் எக்ஸ்ரே உண்டாக்கிப் படம் எடுத்தால், பளிங்கு உருகும்போது அணுக்கள் வரிசை கலைவதைக் கட்டம் கட்டமாகப் பார்க்கலாம். 1990-களின் இறுதியிலேயே பிரெஞ்சு, அமெரிக்கக் குழுக்கள் இதைத் தொடங்கிவிட்டன. கங்காரு இழைக்காக மணிக்கணக்கில் காத்திருந்த ராமச்சந்திரனின் பிலிமுக்கும் இதற்கும் இடையே ஐம்பது ஆண்டுகூட இல்லை.

மறுபடி நம் ஊர். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. பேழைக்கு வெளியே நிற்பவருக்கு நிறம் தெரியும், குமிழ் தெரியாது. ஒரே நகரத்துக்குள் ஜிப்மரில் கதிரியல் அறிவு இருக்கிறது, புதுவைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறை இருக்கிறது, பிரெஞ்சு நிறுவனத்தில் 1955 முதல் திரண்ட வரலாற்று அறிவு இருக்கிறது. வடக்கே கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரம் போனால் கல்பாக்கம். கண்ணாடி, வெண்கலம், எலும்பு என்று எக்ஸ்ரேக்குக் காத்திருக்கும் பொருள்கள் இவ்வளவு செறிந்த பகுதி தமிழ் நிலத்தில் குறைவு. இவர்கள் நான்கு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஹைதராபாத் குழுவை அழைத்து, ஒரு சிறு லேசர் எக்ஸ்ரே கூடத்துக்குத் திட்டம் எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்கு முன்னோட்டமாக, தேர்ந்தெடுத்த சில மணிகளை உரிய அனுமதியோடு இந்தூர் இண்டஸ்-2-க்கு அனுப்பி முப்பரிமாணப் படம் எடுத்து வரலாம். அதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, விண்ணப்பம் எழுத ஒருவர் முன்வந்தால் போதும்.

வீராம்பட்டினத்துப் பள்ளிகளில் இன்று பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இயற்பியல் எடுத்துப் படியுங்கள். டாடா நிறுவனத்தில் முனைவர் பட்டம் படிக்க நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை, மாத உதவித்தொகை அவர்களே தருவார்கள். அந்தத் தேர்வு ஆண்டுதோறும் நடக்கிறது.